கோல்டிங் கோட்டையும் தரங்கம்பாடி ராஜாவும்

டென்மார்க் வந்த புதிதில் சிபிஆர் எண் (இங்கே ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்), மஞ்சள் மருத்துவ அட்டை, வங்கிக் கணக்கு, டேனிஷ் வகுப்பு என்று ஒவ்வொரு வேலையாக முடிந்துகொண்டே வந்தது. ஆனாலும் ஊர் மனசுக்குள் வரவில்லை. டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும். தெருவில் ஆளே இருக்காது. மாயவரம் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு அந்த அமைதி பெரிய பாரமாக இருந்தது.

நாங்கள் இருப்பது டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பத்தில், கோல்டிங் என்ற ஊரில். ஊருக்கு நடுவில் ஓர் ஏரி, அதன் மேட்டில் கோல்டிங்ஹூஸ் கோட்டை. நூலகமும் ஏரிப் பக்கம்தான் என்பதால் வகுப்புப் பாடம் படிக்கப் போகும்போதெல்லாம் கோட்டை கண்ணில் படும். குளிருக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் முதலில் உள்ளே போனேன், இப்போது அது இந்த ஊரில் என்னுடைய இடம்.

1268-ல் எல்லைக் காவலுக்காகக் கட்டத் தொடங்கிய கோட்டை இது. அப்புறம் ராஜாக்கள் வந்து தங்கும் அரண்மனையாக மாறியது. 1808 மார்ச்சில், நெப்போலியன் போர்க்காலத்தில், பிரெஞ்சுத் தளபதி பெர்னதோத்தின் கீழ் இருந்த ஸ்பெயின் படைவீரர்களை இங்கே தங்க வைத்தார்கள். வெயில் நாட்டுக்காரர்கள், குளிர் தாங்காமல் கணப்பில் விறகைப் போட்டுக்கொண்டே இருக்க, புகைபோக்கியில் பிடித்த தீ கோட்டை முழுக்கப் பரவிவிட்டது. பெரிய கோபுரமும் இடிந்து விழுந்தது. அந்தக் கோபுர உச்சியில் ஹானிபல், ஹெக்டர், சிப்பியோ, ஹெர்குலிஸ் என்று நாலு கற்சிலைகள் நின்றன. பிறகு திரும்பக் கட்டிய கோபுரத்தின் மேல் இன்று நிற்பது ஹெர்குலிஸ் மட்டும்தான். அந்த ஸ்பெயின் வீரர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது.

என்னைக் கட்டிப்போட்டது, எரிந்த கோட்டையை இவர்கள் சீர்செய்த விதம். இங்கர் எக்ஸ்னர், யோஹானஸ் எக்ஸ்னர் என்ற கட்டடக் கலைஞர் தம்பதி 1972 முதல் 1992 வரை இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். இடிந்த சுவரைப் பூசி மெழுகிப் பழையது மாதிரி ஆக்கவில்லை. தெற்குப் பக்கத்தில் செங்கல் சுவர் உடைந்தது உடைந்தபடி, கருகிய தடத்தோடு நிற்கிறது, அதன் நடுவே உயர உயரமான மரத்தூண்கள் எழுந்து மேலே கிளை பிரிந்து புதுக் கூரையைத் தாங்குகின்றன. பழைய சுவரின் மேல் பாரம் ஏற்றக் கூடாது, நாளைக்கு யாராவது புதுப் பகுதியைக் கழற்ற நினைத்தாலும் பழையதுக்குச் சேதம் வரக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. நம் ஊர்க் கோயில்களில் பழைய கல்லின் மேல் மணல் பீய்ச்சி, பெயின்ட் அடித்து, எழுத்தெல்லாம் மங்கிப் போனதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த மண்டபத்தில் நின்றபோது தொண்டை அடைத்தது.

கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் இடைக்கால மரச் சிற்பங்கள், டேனிஷ் ஓவியங்கள், பீங்கான், பழைய நாற்காலி மேசைகள் எல்லாம் உண்டு. நான் அதிக நேரம் நிற்பது வெள்ளிச் சாமான்கள் முன்னால்தான், வேலைப்பாடு அப்படி.

கோபுரத்தைக் கட்டியவர் யார் என்று பலகையில் படித்தபோதுதான் உடம்பு சிலிர்த்தது. டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியன்! சின்ன வயதில் கொஞ்ச காலம் இந்தக் கோட்டையில் வளர்ந்தவர். பள்ளிச் சுற்றுலாவில் நாங்கள் பார்த்த தரங்கம்பாடி டான்ஸ்போர்க் கோட்டையும் இதே ராஜாவின் காலத்தில், 1620-ல், தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த ஒப்பந்தத்தின்படி எழுந்ததுதான். 1845-ல் டேனிஷ்காரர்கள் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். இப்போது அதுவும் ஓர் அருங்காட்சியகம். அன்றைக்கே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் கோபுரத்தைக் காட்டினேன். “நம்ம தரங்கம்பாடி ராஜா வீடா அது?” என்று கேட்டார்கள். ஆமாம்மா, அவரேதான் என்றேன்.

ரகுநாத நாயக்கர் அந்த ராஜாவுக்குத் தங்க ஏட்டில் அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எழுத்து தமிழ். கோடை விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு கோபன்ஹேகன் போகிறோம், அதைப் பார்க்க அனுமதி கிடைக்குமா என்று காப்பகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், டேனிஷ் மொழியிலேயே எழுதப் போகிறேன்.