ஹூஸ்டனில் எடுத்த துப்பாக்கி லைசென்ஸ் லூயிசியானாவில் செல்லுமா?

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடையில் மறைத்து எடுத்துப் போகலாம். அப்புறம் எதுக்கு வகுப்பு, தேர்வு, கைரேகை என்று மெனக்கெடுகிறாய் என்று என் கணவரே கேட்டார். என் வேலைதான் காரணம். நான் ஒப்பந்த நர்ஸ். சில மாதம் ஹூஸ்டன், சில மாதம் லூயிசியானாவின் லேக் சார்ல்ஸ் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். நைட் ஷிஃப்ட் முடிந்து ஐ-10 நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டி வருவேன். டெக்சஸ் தரும் சலுகை டெக்சஸ் எல்லையோடு முடிந்துவிடும். ஆனால் டெக்சஸின் எல்டிசி (லைசென்ஸ் டு கேரி, அதாவது துப்பாக்கி எடுத்துச் செல்லும் லைசென்ஸ்) அட்டையை லூயிசியானா, ஆர்கன்சா, ஓக்லஹோமா, நியூ மெக்சிகோ என்று சுற்றியுள்ள நாலு மாநிலமும் ஏற்கின்றன. போதாததற்கு, பள்ளிக்கூடங்களைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற மத்தியச் சட்டம் ஒன்று உண்டு. ஊருக்குள் எந்தத் தெருவில் போனாலும் ஏதாவது பள்ளி வரும். அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸ் கையில் இருந்தால் அந்தத் தடையிலிருந்து விலக்கு.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். நண்பர் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார், சும்மா பத்து தோட்டா சுட்டுப் பார்ப்போம் என்று போவதும் இதில் சிக்கும். எனக்கு கிரீன் கார்டு வந்த பிறகுதான் இந்தப் பேச்சையே எடுத்தேன்.

வகுப்பு நாலிலிருந்து ஆறு மணி நேரம். அதை ஆன்லைனிலும் முடிக்கலாம். சுடுவதற்கு மட்டும் நேரில் போக வேண்டும். நான் முழுதும் நேரிலேயே உட்கார்ந்தேன், அதுதான் நல்லது என்பேன். பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். துப்பாக்கியை எடுத்துக் காட்டி வித்தை செய்வார் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். பாதி நேரம் சண்டையை எப்படித் தவிர்ப்பது என்பதே போயிற்று. பார்க்கிங்கில் ஒருத்தன் கத்துகிறான், என்ன செய்வீர்கள்? ஆளாளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். அவர் கேட்டுவிட்டு, "காரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், அவன் ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளட்டும்" என்றார். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்கு எட்டுகிற மாதிரி தோட்டா போட்ட துப்பாக்கியை வைத்திருந்து, பிள்ளை அதை எடுத்துவிட்டால், டெக்சஸில் அது பெரியவர் மேல் வழக்கு. வீட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் அந்தப் பகுதியில் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

பிறகு கடை வாசல்களில் வைக்கும் பலகைகள். 30.06 என்று எண் போட்ட பலகை இருந்தால், லைசென்ஸ் இருந்தாலும் மறைத்துக்கூட உள்ளே கொண்டு போகக் கூடாது. 30.07 என்றால் வெளியே தெரியும்படி கூடாது. எழுத்து ஒரு அங்குல உயரம், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும் என்பதுவரை சட்டத்தில் இருக்கிறது. சிவப்பில் பெரிதாக 51% என்று இருந்தால் அது மது விற்று வரும் வருமானம் பாதிக்கு மேல் உள்ள இடம். அங்கே துப்பாக்கி வாசலோடு சரி. இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் என் கண் முதலில் கதவுக் கண்ணாடியைத்தான் படிக்கிறது.

சுடும் தேர்வு 50 தோட்டா. 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 மதிப்பெண். 175 எடுத்தால் தேர்ச்சி. மூன்று கஜம் என்பது எங்கள் வார்டில் ஒரு கட்டிலுக்கும் கதவுக்கும் உள்ள தூரம். அதில் போய் யார் தவறவிடப்போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் இரண்டு நொடிக்குள் ஒரு தோட்டா என்று விசில் ஊதும்போது, காதில் மஃப் போட்டிருந்தும் பக்கத்து லேனின் சத்தம் நெஞ்செலும்பில் இடிக்கும்போது, கை தானாக இறுகும். இறுகினால் குண்டு கீழே போகும். விரலை விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு வெளியே, துப்பாக்கியின் உடல் மேல் நீட்டி வைத்திரு என்பதை அன்று அவர் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த லேனிலிருந்து தெறித்த சூடான வெற்றுத் தோட்டாக் குப்பி ஒன்று என் காலருக்குள் விழுந்தது. அந்த நேரத்தில் துள்ளாமல், துப்பாக்கியின் வாயை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு அதை மேசையில் இறக்கினேனா என்பதைத்தான் அவர் பார்த்தார். "இதுதான் நிஜப் பரீட்சை" என்றார். கழுத்தில் சின்னக் கொப்புளம் வந்தது.

மற்றதெல்லாம் ஆபீஸ் வேலை. டிபிஎஸ் (லைசென்ஸ் தரும் டெக்சஸ் பொதுப் பாதுகாப்புத் துறை) இணையதளத்தில் விண்ணப்பம், 40 டாலர் கட்டணம், கைரேகை, சான்றிதழ் பதிவேற்றம். அட்டை தபாலில் வந்தது.

உண்மையான தலைவலி உடுப்பில் இருந்தது. ஸ்க்ரப்ஸ் என்கிற ஆஸ்பத்திரி உடுப்பில் பெல்ட் கிடையாது, நாடாதான். அதில் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) மாட்டினால் பேன்ட்டே இறங்கிவிடும். கைப்பையில் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள்; பையை நாற்காலியில் மாட்டிவிட்டு நகர்கிற பழக்கம் உள்ள எனக்கு அது ஆகாது. கடைசியில் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை ஹோல்ஸ்டர் வாங்கினேன். வேலைக்கு உள்ளே எப்படியும் கொண்டு போக முடியாது. ஆகவே கார் சீட்டின் அடியில், கம்பிவடத்தால் சீட் கம்பியோடு பிணைத்த ஒரு சின்ன இரும்புப் பெட்டி. பூட்டிய காரில் ஊழியர் வைத்திருப்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் தடுக்க முடியாது என்று டெக்சஸில் 2011இல் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் காரை உடைக்கிற திருடனுக்குச் சட்டம் தெரியாதே.

சபின் ஆற்றுப் பாலம் தாண்டினால் லூயிசியானா. அங்கே போலீஸ் நிறுத்தினால் இடுப்பில் துப்பாக்கி இருப்பதை நாமாகவே சொல்லிவிட வேண்டும். பின்விளக்கு எரியவில்லை என்று ஒருநாள் என்னை நிறுத்தினார்கள். உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, "என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஆயுதமும் இடுப்பில் இருக்கிறது, நான் எப்படி நடந்துகொள்ளணும்னு சொல்லுங்க" என்று ஒப்பித்தேன். "நீங்க அதைத் தொடாதீங்க, நானும் தொடலை" என்றார். விளக்கைச் சரிசெய்யச் சொல்லி அனுப்பிவிட்டார்.

விமானம் தனிக் கதை. கைப்பையில் போகவே கூடாது. செக்-இன் பெட்டியில், தோட்டா நீக்கி, கடினமான பெட்டியில் பூட்டி, கவுன்டரில் வாய் திறந்து அறிவிக்க வேண்டும். சாவி நம்மிடம். 2023இல் மட்டும் டிஎஸ்ஏ என்கிற விமான நிலையப் பாதுகாப்புத் துறையின் சோதனையில் கைப்பைகளிலிருந்து 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. 93 சதவீதத்தில் தோட்டா இருந்தது. "பையில் இருந்தது மறந்துட்டேன்" என்கிற ஆட்கள்தான் பெரும்பாலும். அபராதம் ஆயிரக்கணக்கில் போகும்.

நியூ ஜெர்சியில் என் தம்பி இருக்கிறான். அங்கே டெக்சஸ் அட்டை வெறும் பிளாஸ்டிக். 1986ஆம் வருஷத்து மத்தியச் சட்டம், புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் உரிமை இருந்தால், நடுவில் உள்ள மாநிலங்களைக் கடக்கப் பாதுகாப்பு தருகிறது: தோட்டா நீக்கி, உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டாமல் டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி. டேஷ்போர்டு அறை கணக்கில் வராது. வழியில் தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வகுப்பில் ஒரு வழக்கைச் சொன்னார்கள். 2005இல் யூட்டாக்காரர் ஒருவர் பென்சில்வேனியாவுக்குப் போகிறார். நடுவில் நியூ ஜெர்சியின் நூவர்க்கில் அடுத்த விமானம் தவறிவிடுகிறது, துப்பாக்கி இருந்த பெட்டி கைக்கு வருகிறது, அதோடு ஓட்டலில் ஒரு இரவு. மறுநாள் காலை கவுன்டரில் விதிப்படி அறிவித்தார், அங்கேயே கைது. சில நாள் ஜெயில். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. ஆனால் அவர் போட்ட நஷ்டஈட்டு வழக்கில், இரவில் பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் விமானம் எந்த ஊரில் இறங்கிப் படுக்கும் என்று யார் கண்டது? தம்பி வீட்டுக்குப் போகும்போது என் துப்பாக்கி ஹூஸ்டனில் பெட்டகத்துக்குள்ளேயே இருக்கும்.

அடுத்து நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குக் குடும்பமாகக் காரில் போகிறோம். 2010இலிருந்து தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டம்தான். ஆனால் விசிட்டர் சென்டர் மத்திய அரசுக் கட்டடம், அங்கே கூடாது. அந்த மாநிலத்தில், உடம்பில் துப்பாக்கி இருக்கும்போது ஒரு பியர்கூடக் குடிக்க முடியாது. சாயங்காலம் ஒன்று குடிக்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. அவரும் இப்போது லைசென்ஸ் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். பெட்டிச் சாவி யாரிடம் இருப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.