அறப்பள்ளீசுவரரும் ஐயாற்று மீன்களும்

காசிமேட்டில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மீன் என்றால் ஏலம், ஐஸ், எடை, குழம்பு என்பதே பொருள். அந்த மீனையே இறைவனாகக் கும்பிடும் கோயில் ஒன்று நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இருப்பதாகக் கேள்விப்பட்ட நாள் முதல், முப்பது ஆண்டுகளாக மீன் விற்று வரும் என் அத்தை அங்கே ஒருமுறை போய்வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திருவொற்றியூர் வடிவுடையம்மனை வணங்கிவிட்டு, கடந்த தை மாதம் புறப்பட்டோம்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கடற்கரையிலேயே காலம் கழித்த அத்தைக்கு இருபதாவது வளைவிலேயே தலை சுற்றியது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டாலும், வளைவுகளை எண்ணுவதை மட்டும் அவர் விடவில்லை. மேலே சென்றதும் காற்று குளிர்ந்தது. மிளகுக்கொடி படர்ந்த மரங்களும் பலாவும் காப்பிச் செடிகளும் சாமை விளையும் சரிவுகளுமாக விரியும் இந்த மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்றே அதற்குப் பொருள் கூறுகிறார்கள், பேசுவதும் தமிழே. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக வழிவழியாக ஒரு கதையும் சொல்கிறார்கள். நம் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று அத்தைக்கு அதில் தனி மகிழ்ச்சி. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு பாடும் வல்வில் ஓரி ஆண்ட மலையும் இதுவே. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது.

வளப்பூர் நாடு எனப்படும் மலைப்பகுதியில் ஐயாற்றங்கரையில் அமைந்துள்ள அறப்பள்ளீசுவரர் கோயில், தனிப் பதிகம் இல்லாமல் அப்பர் தேவாரத்தில் பெயர் மட்டும் இடம்பெற்ற வைப்புத்தலம். இவ்வாற்று மீனை ஒருவர் பிடித்து அறுத்துச் சமைக்க, துண்டுகள் ஒன்றுசேர்ந்து மீனாகவே மீண்டும் ஆற்றில் துள்ளிக் குதித்தது என்பது தலவரலாறு. அதனால் இங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. சுவாமியை வணங்கிய பின் ஆற்றுக்கு இறங்கி மீன்களுக்கு உணவிடுகிறார்கள்.

அத்தை படியில் அமர்ந்து பொரியைத் தூவினார். கரிய முதுகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மேலே வந்தன. "பெரிசு, எப்படியும் ஒண்ணரைக் கிலோ தேறும்" என்று வாய் தவறிச் சொன்னவர், மறுகணமே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும் என்பதால் நான் மட்டும் போய்வந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோதும் அவர் அதே படியில்தான் இருந்தார். காலிப் பொரிப் பொட்டலம் மடியில் கிடந்தது. "கடை மூடுறதுக்குள்ள இன்னொண்ணு வாங்கிட்டு வாடா" என்றார்.