ஆகஸ்ட் அமாவாசைக்கு ஊர்ப்பக்கம் கூடாரம்

மே 3, ஞாயிறு

தேதி முடிவாகிவிட்டது. ஆகஸ்ட் 11 மாலையிலிருந்து 13 காலை வரை, இரண்டு ராத்திரி, ஊர்ப்பக்கத்து மலையடிவாரத்தில் கூடாரம். வெளிநாட்டிலிருந்து போகும் நாங்கள் நாலு பேர், அண்ணன் குடும்பம், மனசு வைத்தால் அப்பா அம்மாவும்.

இந்தத் தடவை லீவைப் பார்த்துத் தேதி குறிக்கவில்லை, வானத்தைப் பார்த்துக் குறித்தோம். 2026 ஆகஸ்ட் 12 அமாவாசை. அன்றைக்கு ராத்திரிதான் பெர்சீட் எரிகற்கள் உச்சத்தில் விழும். ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்நட்சத்திரம் தன் பாதையெங்கும் தூசியை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பூமி வருஷாவருஷம் அதற்குள் நுழைந்து வெளியே வருகிறது. அந்தத் தூசிதான் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் பாய்ந்து எரிகிறது. 1862இல் கண்டுபிடித்த வால்நட்சத்திரம், ஒரு சுற்று முடிக்க 133 வருஷம் எடுத்துக்கொள்ளும். எரிகற்கள் எல்லா ஆகஸ்டிலும் உண்டு. ஆனால் போன வருஷம் இதே தேதியில் பௌர்ணமி கழிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, நிலா வெளிச்சத்தில் பாதிக்கு மேல் காணாமல் போயின. இந்த வருஷம் போல உச்ச ராத்திரியும் அமாவாசையும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

மகளுக்குத் தெரிந்த வானத்தில் நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் வயதில் நான் பார்த்த வானம் அந்த மலைக்கு மேல் இன்னும் அப்படியே இருக்கிறது என்று அண்ணன் சொல்கிறான். அதை அவளுக்கும் சின்னவனுக்கும் காட்டியாக வேண்டும்.

மே 10, ஞாயிறு

அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன்.

"வீட்டை வச்சுக்கிட்டு வெளியில எதுக்குடி படுக்கணும்? பிள்ளைங்களைப் பூச்சி கடிச்சா என்ன பண்ணுவ?"

பூச்சி அம்மாவுக்கு ஒரு சாக்கு. எப்போதோ ஒருதரம் வருகிற பேரப்பிள்ளைகள் வந்த நாளெல்லாம் கண்முன்னாலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசையை ஒதுக்கிவிட்டு இந்தப் பயணத்தைப் போட எனக்கு மனமில்லை. அதனால் முதல் வாரம் முழுக்க வீட்டில். கூடாரத்துக்குப் போகும்போதும் அவர்களையும் கூட்டிக்கொண்டுதான். ஊர்ப்பக்கம் போய் இப்படித் தங்க நினைக்கிறவர்கள் கூடாரம் வாங்குவதற்கு முன் இந்தப் பேச்சைப் பேசி முடித்துவிடுவது நல்லது. சொந்தமண்ணில் நாம் சுற்றுலாக்காரர்கள் இல்லை, நமக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

"யோசிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

மே 24, ஞாயிறு

இடம். இரண்டு வாரமாக இதே பேச்சு.

என் மனசில் முதலில் வந்தது ஆற்றங்கரை மணல்திட்டு. சின்ன வயதில் விடுமுறையெல்லாம் அங்கேதான் கழிந்தது. அண்ணன் சொன்னது மலைமேல் இருக்கும் புல்வெளி. அப்பா சொன்னது இரண்டுக்கும் நடுவில், அடிவாரத்தில், அவருடைய சினேகிதரின் நிலத்தில் இருக்கும் மேடு.

அப்பா வெறும் அபிப்பிராயம் சொல்லவில்லை. போன வாரம் நடந்தே போய் மூன்றையும் பார்த்துவிட்டு வந்து ஃபோனில் சொன்னார்: "திட்டு அப்படியேதான் இருக்கு. ஆனா பக்கத்துப் புதர்ல காஞ்ச புல்லும் சருகும் என் இடுப்பு உயரத்துக்குச் சிக்கி நிக்குதும்மா. எல்லாக் கிளையும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு. தண்ணி அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கு." இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. நாம் படுத்திருக்கும் இடத்தில் சொட்டு மழை இல்லாவிட்டாலும் மேலே மலையில் பெய்த மழை ராத்திரியில் ஆற்றில் இறங்கி வரும். தூங்கும் குழந்தைகளை எழுப்பிக் கரையேற்ற அது நேரம் கொடுக்காது. மணல்திட்டு பகலில் குளிக்க, விளையாட மட்டும்.

மலைமேல் புல்வெளி எனக்கும் பிடித்த இடம்தான். ஆனால் 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். திறந்தவெளியில் காற்றும் சேர்ந்துகொள்ளும். இடி மின்னல் வந்தால் சுற்றுவட்டாரத்தில் உயரமாக நிற்பது நம் கூடாரமாகத்தான் இருக்கும். வண்டி போகாது என்பதால் அப்பா அம்மா வரவும் முடியாது.

மேட்டுக்கு எதிராக என்னால் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. ஆற்றுமட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கிறது. குளிர்ந்த காற்று கனம் கூடிப் பள்ளத்துக்கு இறங்கிவிடும். பள்ளத்தில் படுப்பவர்களைவிட மேட்டில் படுப்பவர்களுக்கு விடியற்காலையில் குளிர் குறைவு, பனி ஈரமும் குறைவு. வண்டி பக்கம் வரை வரும். வடகிழக்கே மறைப்பு இல்லாமல் வானம் திறந்து கிடக்கிறது, எரிகற்கள் கிளம்பி வருவது போலத் தெரிகிற திசை அதுதான்.

ஆற்றங்கரையைத்தான் நான் இத்தனை வருஷமாக மனசில் வைத்திருந்தேன். நிலத்தை இன்றைக்கு அறிந்தவர் அப்பா. மேடு என்று முடிவு.

ஜூன் 6, சனி

கூடாரம். கடையில் "4 பேர்" என்று எழுதியிருந்தால், நாலு பேர் தோளோடு தோள் இடித்துப் படுக்கலாம், பை வைக்க இடமிருக்காது என்று அர்த்தம். எங்களுக்கு ஆறு பேர் கூடாரம்தான் சரி. துணியின் நீர்தாங்கு திறனை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 3000 என்றால் அந்தத் துணி மேல் 3000 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால்தான் கசியத் தொடங்கும் என்று பொருள். கூரைக்கு அது தாராளம். தரைத்துணிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும், முட்டி ஊன்றும் இடத்தில் அழுத்தம் அதிகம்.

உள்கூடாரம், வெளிக்கூடாரம் என்று இரட்டைச் சுவர் உள்ளதை வாங்கினோம். நாலு பேர் ராத்திரி முழுக்க விடும் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த வெளித்துணியில் போய்ப் படியும். ஒற்றைச் சுவர் என்றால் அது நம் மேலேயே சொட்டும்.

ஜூன் 14, ஞாயிறு

அம்மாவே கூப்பிட்டார். "அப்பாவுக்கு முட்டி வலி, தரையில உக்காந்து எந்திரிக்க முடியாது. நானும் அப்படித்தான்." வரமாட்டேன் என்று சொல்லவில்லை, கவனித்தேன்.

இரண்டு மடக்குக் கட்டில் ஏற்பாடு. கட்டில் என்றால் அடியில் காற்று ஓடும், உடம்புச் சூட்டை அது எடுத்துக்கொண்டு போகும். அதனால் கட்டில் மேலும் பாய் விரிக்க வேண்டும். தரையில் படுக்கும் எங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஸ்லீப்பிங் பேக்கில் குளிரைத் தடுப்பது பஞ்சுக்குள் அடைபட்டிருக்கும் காற்று. முதுகுக்கு அடியில் பஞ்சு நசுங்கிவிட்டால் அந்தக் காற்றும் போய்விடும். எத்தனை கனமான பேக் வாங்கினாலும் கீழேயிருந்து ஏறும் குளிரைப் பாய்தான் தடுக்கும். பணம் குறைவாக இருந்தால் பேக்கில் மிச்சம் பிடிக்கலாம், பாயில் பிடிக்கக்கூடாது என்பது என் கட்சி.

ஜூலை 5, ஞாயிறு

இன்று மொட்டைமாடியில் கூடாரத்தை விரித்தோம். முதலில் வழிமுறைத் தாளோடு, பிறகு தாள் இல்லாமல். எந்தக் கம்பி எந்த உறையில் நுழையும் என்று மகள் வண்ணநூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறாள். சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் மங்கிய வெளிச்சத்திலும் கை கண்டுபிடிக்கும். சின்னவன் பொறுப்பு முளைகள். ஒவ்வொன்றையும் எண்ணி உறைக்குள் போடுகிறான், யாரையும் தொடவிடுவதில்லை.

அடியில் விரிக்கும் தார்ப்பாயின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கக்கூடாது. அப்படி நீட்டிக்கொண்டிருந்தால் கூரையில் வழியும் மழைநீர் அதில் விழுந்து நேராக நமக்கு அடியில் வந்து தேங்கும். ஓரங்களை உள்பக்கமாக மடித்துப் பார்த்து, மடிப்பு வரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டோம்.

வெளித்துணியின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். பின்பக்க மூலையில் தையல் ஓரமாக ஒரே ஒரு துளி, மெல்ல உருண்டு, உள்பக்கம் இறங்கி நின்றது. தையலுக்குப் பூசும் பசையை அந்த மூலை முழுக்கத் தடவிக் காயவிட்டிருக்கிறோம்.

ஜூலை 12, ஞாயிறு

விமானத்தில் எதை எடுத்துப் போகலாம் என்று உட்கார்ந்து பார்த்தோம். அடுப்புக்கான கேஸ் டப்பாவைக் கைப்பையிலும் வைக்கமுடியாது, பெட்டியிலும் வைக்கமுடியாது; ஊரில் போய்த்தான் வாங்க வேண்டும். ஏற்கெனவே எரித்த அடுப்பில் எரிபொருள் வாசனை இருந்தால் அதையும் மறுக்கலாம், அதனால் அண்ணன் வீட்டு அடுப்பே போதும். பவர் பேங்க் கண்டிப்பாகக் கைப்பையில். பொதுவாக 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டியதில்லை. 20,000 மில்லியாம்ப்-ஹவர் என்றால் 3.7 வோல்ட் கணக்கில் 74 வருகிறது. முளைகள், கத்தி, சுத்தியல் எல்லாம் பெட்டிக்குள். திரும்பி வரும்போது முளைகளிலும் காலணிகளிலும் மண் ஒட்டியிருக்கக்கூடாது. ஒரு நாட்டு மண்ணில் ஒட்டிவரும் விதையும் நோயும் இன்னொரு நாட்டு நிலத்தைக் கெடுக்கும். கழுவிக் காயவைக்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன்.

ஜூலை 19, ஞாயிறு

நிலத்துக்காரர் சம்மதம் சொல்லிவிட்டார். நெருப்பு மூட்ட மட்டும் வேண்டாம், புல் காய்ந்து கிடக்கிறது என்றார். சரி. சமையல் அடுப்பில், வெளிச்சம் டார்ச்சில்.

ஜூலை 26, ஞாயிறு

அண்ணியும் நானும் ஒரு மணி நேரம் பேசினோம், பெரும்பாலும் கழிப்பிடம் பற்றி. குடும்பப் பயணத்தைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் இதுதான் என்று இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். ஆற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி, முடிந்ததும் மூடிவிடுவது. இன்னும் ஆழமாகத் தோண்டினால் மக்க வைக்கும் உயிர்கள் குறைவு. அம்மாவுக்காக மடக்கு நாற்காலிக் கழிப்பிடமும் சுற்றி மறைக்கத் துணியும். பாத்திரம் கழுவும் தண்ணீரும் அதே 60 மீட்டர் கணக்குத்தான். சோப்பு ஆற்றில் கலக்கக்கூடாது.

குடிக்க வீட்டிலிருந்தே கேன். போதாமல் ஆற்றுத் தண்ணீர் எடுக்க நேர்ந்தால் தளதளவென்று கொதி வந்தபிறகு ஒரு நிமிடம் முழுசாகக் கொதிக்கவிட வேண்டும். 2000 மீட்டருக்கு மேல் உள்ள மலைகளில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே மூன்று நிமிடம்.

இன்னொன்றை எல்லாருக்கும் ஃபோனில் தனித்தனியாகச் சொல்லிவிட்டேன்: எத்தனை குளிரானாலும், மழை அடித்தாலும், அடுப்பு கூடாரத்துக்குள் வரக்கூடாது. அணைந்ததுபோல் கிடக்கும் கரியும் வரக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். குழந்தைகளோடு போகும் இடத்தில் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஊர். மூன்று நாளாக வீடு நிறைந்து கிடக்கிறது.

இன்று காலை அப்பாவோடு மேட்டுக்குப் போய் வந்தோம். பெரிய மரத்தின் நிழல் ஆளை இழுக்கும். ஆனால் கிழக்குக் கிளை ஒன்று பட்டுப்போய், பட்டையெல்லாம் உரிந்து, காற்று வரும்போது கிறீச்சிடுகிறது. பகலில் உட்காரக்கூட அந்தக் கிளைக்கு எதிர்ப்பக்கம்தான் என்று அப்பா கோடு கிழித்தார். கூடாரம் மரத்தை விட்டு நன்றாகத் தள்ளி. எறும்புப்புற்று இருக்கிறதா என்று மகள் குனிந்து தேடினாள். சின்னவன் தரையில் படுத்து, "தலை கீழ போகுது" என்றான். சரிவு அந்தப் பக்கம். தலைமாட்டை மாற்றி அளந்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு வந்தோம்.

ராத்திரி வெளிச்சத்துக்கு ஒரு விதி போட்டிருக்கிறோம். இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும், ஒரு ஃபோன் வெளிச்சம் போதும் அத்தனையும் வீணாக. அதனால் டார்ச் எல்லாவற்றிலும் சிவப்புக் கண்ணாடித்தாள். எரிகற்கள் நன்றாக விழுவது நள்ளிரவுக்குமேல் என்பதால் பிள்ளைகளைச் சீக்கிரம் தூங்கவைத்து மூன்று மணிக்கு எழுப்புவோம். செருப்பை உதறிவிட்டுத்தான் காலை நுழைப்பது, கூடார ஜிப் எந்நேரமும் மூடியிருப்பது, இரண்டும் சின்னவனுக்கு மனப்பாடம். அம்மா தன் போர்வையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார்.

இடி வந்தால்: மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுவது, மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டுவிட்டால் எல்லாரும் காருக்குள். கூடாரம் மின்னலைத் தடுக்காது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வருவது. இரண்டு காரையும் மேட்டுக்குப் பக்கத்திலேயே, முகப்பு பாதையைப் பார்த்திருக்க நிறுத்துவது அண்ணன் பொறுப்பு.

12ஆம் தேதி மேகம் மூடிவிட்டால் இன்னும் ஒரு ராத்திரி தங்கிவிடலாம், உச்சம் கழிந்த மறுநாளும் எரிகற்கள் விழும் என்று அண்ணியும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். அப்பா காதில் விழுந்திருக்கிறது. அந்த ஒரு நாளைக்கும் சேர்த்துத் தண்ணீர் கேன் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.