பழைய ஸ்காட்ஸ் மொழியில் அதிகாரம்: அகராதியில் கண்ட சில சொற்கள்

ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியில் 1700 வரை வழங்கிய மொழியைப் ‘பழைய ஸ்காட்ஸ்’ என்று அறிஞர்கள் அழைக்கிறார்கள். மலைநாட்டுக் கேலிக் மொழியிலிருந்து இது முற்றிலும் வேறானது. ஆங்கிலத்தோடு ஒரே வேரிலிருந்து கிளைத்து, தனக்கென ஓர் அரசவையையும் நாடாளுமன்றத்தையும் நகர மன்றங்களையும் பெற்று வளர்ந்த மொழி இது. வில்லியம் கிரெய்கி தொடங்கிய இம்மொழியின் பேரகராதி 1931இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி, 2002இல் பன்னிரண்டாம் தொகுதியோடு நிறைவடைந்தது. இன்று அதை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். வல்லமை, ஆதிக்கம், திறமை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை அதில் தேடிப் படித்து வந்தபோது ஒன்று தெளிவாகப் புலப்பட்டது. அந்த மக்களின் எழுத்தில் அதிகாரம் என்பது பெரும்பாலும் தனியாக நிற்பதில்லை; யார் மீது, எந்த எல்லைக்குள், எதைச் செய்து காட்டியதால் என்ற விவரத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

‘மெய்ஸ்ட்ரி’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த இச்சொல்லுக்குப் போரில் கிடைக்கும் மேலாதிக்கம் என்றும், ஒரு தொழிலில் கைவந்த தேர்ச்சி என்றும், வெறும் அடாவடி என்றும் பொருள் உண்டு. இந்த மூன்றாவது பொருளைத்தான் சட்டங்களில் அதிகம் காண்கிறோம். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் ‘மெய்ஸ்டர்ஃபுல்’ பிச்சைக்காரர்களைப் பிடித்து அடைக்கச் சொல்கிறது. இவர்கள் குதிரைகளோடும் வேட்டை நாய்களோடும் வந்து, குடியானவன் வீட்டில் வலுக்கட்டாயமாகத் தங்கி, உண்டு, குதிரைக்கும் தீனி வாங்கிக்கொண்டு போகிறவர்கள். குதிரையேறி வரும் பிச்சைக்காரன் என்றால் இன்று நமக்குச் சிரிப்பு வரும்; அன்று அந்தக் குடியானவனுக்கு வந்திருக்காது.

வலிமைக்கு எதிர்ப்பக்கத்தில் ‘ஸ்லிஹ்ட்’ என்ற சொல் நிற்கிறது. சாமர்த்தியம், தந்திரம், கைத்திறன் எல்லாம் அதற்குள் அடங்கும். அபர்டீனில் திருச்சபைப் பதவி வகித்த ஜான் பார்பர், ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் ஆங்கிலேயரை எதிர்த்து நடத்திய போர்களைப் பற்றி 1375 வாக்கில் பாடிய நெடுங்கவிதையில் இச்சொல் அடிக்கடி வருகிறது; வர வேண்டிய காரணமும் இருந்தது. ஆங்கிலேயரிடம் ஆளும் ஆயுதமும் மிகுதி; கோட்டை மதிலை இடிக்கும் பொறிகள் புரூஸிடம் போதுமான அளவில் இல்லை. ஆகவே கோட்டைகள் சாமர்த்தியத்தால் வீழ்ந்தன. ஆங்கிலேயர் வசமிருந்த லின்லித்கோ கோட்டைக்கு வழக்கமாக வைக்கோல் கொண்டுபோகும் வில்லியம் பன்னக் என்ற குடியானவர், 1313இல் தம் வண்டியில் எட்டுப் பேரைப் படுக்கவைத்து மேலே வைக்கோலைப் பரப்பி ஓட்டிச் சென்றார். வண்டி சரியாக வாயிலின் நடுவே வந்ததும், மாடுகளைப் பூட்டியிருந்த கயிறு வெட்டப்பட்டது. வண்டி அங்கேயே நின்றுவிட்டதால் மேலிருந்து இறக்கும் இரும்புக் கதவை இறக்க முடியவில்லை. வண்டிக்குள் இருந்தவர்கள் குதித்தார்கள், அருகே மறைந்திருந்தவர்கள் ஓடி வந்தார்கள். பார்பர் இதை ஏமாற்று வேலை என்று கூச்சத்தோடு சொல்வதில்லை. வீரர்களின் பட்டியலில் பன்னக்குக்கும் முழு மரியாதை தருகிறார். வீரயுகக் கவிதை என்றாலே நேருக்கு நேர் மோதல் என்று எதிர்பார்க்கும் வாசகருக்கு இது வியப்பாக இருக்கும். எனக்கு அக்கவிதையில் மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

‘கிராஃப்ட்’ என்ற சொல்லும் இப்படிப்பட்டதே. அதன் மூலச்சொல்லுக்கு முதலில் உடல்வலிமை என்ற பொருளும் இருந்தது. ஸ்காட்லாந்து நகரங்களில் அது திறமையையும், அத்திறமை உடையவர்கள் சேர்ந்து அமைத்த தொழிற்சங்கத்தையும் ஒருங்கே குறித்தது. தையற்காரர், கொல்லர், ரொட்டி சுடுவோர் ஒவ்வொருவருக்கும் தனிச் சங்கம். அதன் தலைவர் ‘டீக்கன்’. முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆட்சியில் நாடாளுமன்றம் இந்த டீக்கன்களைத் தேர்ந்தெடுக்க முதலில் அனுமதி அளித்தது. அவர்களுடைய வேலை, பொருள்களின் தரத்தைச் சோதிப்பது. ஆனால் வேலையைச் சோதிக்கும் உரிமை கிடைத்தவர்களுக்குக் கூட்டம் கூடவும் விலையை முடிவு செய்யவும் வலிமை வந்துவிடும் என்ற அச்சம் விரைவிலேயே எழுந்தது. 1427இல் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தடை நிலைக்கவில்லை. டீக்கன்கள் திரும்ப வந்தார்கள், பின்னாளில் நகர மன்றங்களிலும் இடம்பிடித்தார்கள். பிற்கால ஸ்காட்ஸில் ‘டீக்கன்’ என்றாலே தன் தொழிலில் கைதேர்ந்தவன் என்று பொருளாகிவிட்டது.

இச்சங்கங்களின் ஆவணங்களில் நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் சேர்ந்து 1505இல் எடின்பரோ நகர மன்றத்திடம் பெற்ற உரிமைப் பத்திரம் தனித்து நிற்கிறது. சங்கத்தில் சேர விரும்புபவர் உடலின் ஒவ்வோர் உறுப்பின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும். உரிய காலத்தில் இரத்தம் எடுப்பதற்காக இரத்த நாளங்களை எல்லாம் அறிந்திருக்க வேண்டும். அந்நேரத்தில் எந்த உறுப்பின் மீது ராசி ‘டாமினேஷன்’ கொண்டுள்ளது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஆதிக்கத்தைக் குறிக்கும் அந்தக் கனமான சொல், மன்னரை விட்டு நகர்ந்து, மேஷத்துக்கும் மீனத்துக்கும் உரியதாக இங்கே வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரைப் பயிற்சிக்குச் சேர்க்கக் கூடாது என்றும் பத்திரம் சொல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, மரண தண்டனை பெற்ற ஒருவரின் உடல் அறுத்துப் பயில்வதற்காக அவர்களுக்குத் தரப்பட்டது. கூடவே, நகரத்தில் சாராயம் காய்ச்சி விற்கும் தனியுரிமையும் அவர்களுக்கே! அறிவுக்குத் தேர்வும் வியாபாரத்துக்கு வேலியும் ஒரே தாளில் எழுதப்பட்டிருப்பதில் அந்தக் காலத்தவருக்கு எந்த முரணும் தெரியவில்லை.

கிராமங்களில் ஆதிக்கத்தின் சொல் ‘திர்ல்’. அடிமை என்ற பழஞ்சொல்லின் உருமாற்றம் இது. பார்பர் விடுதலையை வியந்து பாடும் புகழ்பெற்ற அடிகளில் அதற்கு எதிராக நிறுத்துவதும் இதே வேரிலிருந்து வந்த ‘திரில்டம்’தான். ஆனால் குடியானவன் இச்சொல்லை அன்றாடம் சந்தித்த இடம் மாவு அரைக்கும் ஆலை. நிலவுடைமையாளரின் ஆலைக்குத் ‘திர்ல்’ செய்யப்பட்டவன் தன் தானியத்தை அங்கே மட்டுமே அரைக்க வேண்டும், அரைத்ததில் ஒரு பங்கைக் கூலியாக விட்டுவர வேண்டும், ஆலையின் கால்வாயையும் அணையையும் பழுதுபார்க்க ஆள் அனுப்ப வேண்டும். புதிய ஆலைக்கல் வாங்கினால், அதன் நடுத்துளையில் நீண்ட மரக்கழியைச் செருகி, கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, கல் வெட்டிய இடத்திலிருந்து ஆலைவரை உருட்டி வருவதும் அவர்கள் பொறுப்பு. அந்தக் கழிக்குக்கூடத் தனிப்பெயர் இருந்தது. இக்கட்டுப்பாட்டைத் தீர்த்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 1799இல்தான் வந்தது. இதனோடு ஒப்பிட்டால், பிரபுக்களின் பட்டயங்களில் வரும் ‘குழியும் தூக்குமரமும்’ என்ற உரிமை கேட்கவே நடுக்கம் தருவது: பெண்களை நீரில் மூழ்கடிக்கவும் ஆண்களைத் தூக்கிலிடவும் உள்ள அதிகாரம் அது. ஆயினும் ஆண்டு முழுதும் குடியானவனை அழுத்தியது ஆலைக்கல்தான் என்று எனக்குப் படுகிறது.

என்னை அதிகம் ஈர்த்த சொல் ‘பூஸ்டி’. இலத்தீனில் ஆற்றலைக் குறிக்கும் சொல் பிரெஞ்சு வழியாக வந்து இப்படித் தேய்ந்தது. சட்டத்தில் இது ‘லீஜ் பூஸ்டி’ என்று வரும்; தன் நிலத்தைத் தன் விருப்பப்படி எழுதிக்கொடுக்கத் தகுந்த உடல்நலத்தோடு ஒருவர் இருக்கும் நிலை என்பது அதன் பொருள். மரணப் படுக்கையில் கிடப்பவரை வற்புறுத்தி நிலத்தை எழுதி வாங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தால், அந்நிலையில் செய்த பத்திரத்தை வாரிசு வழக்காடி ரத்து செய்துவிடலாம். பத்திரம் எழுதும்போது அவர் பூஸ்டியோடு இருந்தாரா என்பதை எப்படி அறிவது? எழுதியபின் அவர் தேவாலயத்துக்கோ சந்தைக்கோ பிறர் தாங்காமல் நடந்து போயிருந்தால் போதும். ஊர் கூடியிருக்கும் நேரத்தில் போயிருக்க வேண்டும். ஆளில்லாத சந்தைத் திடலில் நடந்தது செல்லாது. எழுதியபின் அறுபது நாள் உயிரோடு இருந்தாலும் பத்திரம் செல்லும் என்று 1696இல் ஒரு சட்டம் சேர்த்தது. பத்திரம் எழுதிய முதியவரைக் குடும்பத்தார் சந்தைக்கு நடத்திப்போகும் காட்சியையும், வழியில் யாராவது அவர் முழங்கையைப் பிடித்தார்களா என்று வாரிசின் ஆட்கள் உற்றுப் பார்ப்பதையும் எண்ணிப் பார்க்கிறேன். மருத்துவரின் சான்றிதழைவிட ஊராரின் கண்ணை நம்பிய இந்த ஏற்பாடு 1871இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதற்குள் நீதிமன்றங்களுக்கு வெளியே பூஸ்டி என்ற சொல்லைப் பயன்படுத்துவோர் அரிதாகியிருந்தார்கள்.