தேய்மானம் என்று நான் எழுதிய குழல்

பினாங்கில் ஒரு பழம்பொருள் சேகரிப்பில் பதிவேடு எழுதும் பணிக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் கார்பைன் (குட்டைக் குழல் துப்பாக்கி) ஒன்றைப் பற்றி, "வரிப்பள்ளம் இல்லை, குழல் ஒருபக்கமாகத் தேய்ந்துள்ளது" என்று குறித்து வைத்தேன். வரிப்பள்ளம் என்பது குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் முறுக்கி வெட்டப்படும் பள்ளம். விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது உட்புறம் வழவழப்பாகவே இருந்தது; வெர்னியரால் குழல்வாயைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தபோது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு வந்தது. இத்தனை ஆண்டுப் பழமையோடு இந்தத் தீவின் ஈரக்காற்றும் சேர்ந்தால் தேய்மானத்துக்குக் கேட்கவா வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தப் பதிவைச் சரிபார்த்தவர், பட்டர்வொர்த் பட்டறை ஒன்றில் நெடுங்காலம் கடைசல் பிடித்து ஓய்வு பெற்றவர். அண்ணன் என்றே அவரை அழைப்போம். "தேய்மானம் இவ்வளவு சீரா இருக்காது தம்பி" என்றார். பழைய மருந்து உள்ளே தங்கியிருக்கவில்லை என்பதை ஆழம் அளந்து உறுதி செய்துகொண்ட பிறகு (இதைச் செய்யாமல் எந்தக் குழலையும் அவர் தொடமாட்டார்), முனையில் திருகுள்ள கம்பியில் மென்மையான ஈயத்துண்டைப் பொருத்தி, எண்ணெய் தடவி, என்னையே மெதுவாக இறக்கச் சொன்னார். நான் நேராகத்தான் அழுத்தினேன். ஆனால் கைப்பிடி என் உள்ளங்கைக்குள் தானாகத் திரும்பியது. வெளியே வந்த ஈயத்தில் ஒரு கீறலும் இல்லை. அது முட்டை வடிவம் கொண்டிருந்தது.

லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சார்லஸ் லங்காஸ்டரின் முறை அது. பிரிட்டிஷ் படையின் பொறியாளர் பிரிவுக்கு 1855இல் இவ்வகைக் கார்பைன் தரப்பட்டது, துளையின் அளவு 0.577 அங்குலம். நீள்வட்டத் துளையே முறுக்கிக்கொண்டு செல்வதால், வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து அதை நிறைக்கும் குண்டு சுழன்றபடி வெளியேறுகிறது. கருமருந்தின் கரி அடைய அங்கே பள்ளமே இல்லை. அதற்கு முந்தைய பிரன்ஸ்விக் ரைபிளில் பள்ளங்கள் இரண்டு. அரைஞாண் கட்டியதுபோல் பட்டை ஓடும் அதன் உருண்டைக் குண்டைச் சில வெடிகளுக்குப் பிறகு உள்ளே இறக்குவது பெரும்பாடு. ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த்தோ துளையை அறுகோணமாக்கி, 20 அங்குலத்துக்கு ஒரு முழுச்சுற்று வைத்தார். குண்டைச் சுழலவைக்கும் ஒரே சிக்கலோடு மூன்று வடிவமைப்புகளும் மல்லுக்கட்டியவை என்றாலும், லங்காஸ்டரின் விடையே எனக்கு அழகாகத் தோன்றுகிறது.

என் குறிப்பை நம்பி யாரேனும் எமரித் தாளால் உட்புறத்தைத் தேய்த்துச் சமப்படுத்தியிருந்தால், அந்த நுண்ணிய வேறுபாடு மீளாமல் அழிந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. அன்று மாலையே பதிவைத் திருத்தினேன். அந்த ஈயத்துண்டு, பொருளின் எண் எழுதிய சிறு உறையில், கார்பைனோடு அதே இழுப்பறையில் இருக்கிறது.