பேனாச் சத்தத்துக்கு ஒரு நெத்திலி

புரட்டாசிச் சனிக்கிழமையன்று, காரமடை அரங்கநாதரைச் சேவித்துவிட்டு நெற்றி நிறைய நாமத்தோடு வந்து அமர்ந்திருந்த மனிதருக்கு முன்னால், எங்கள் வீட்டில் நேற்றுக் கருவாடு பரிமாறப்பட்டது. உண்டது எங்கள் பூனை செவலைதான் என்றாலும், காங்கயத்துச் சித்தப்பாவின் முகத்தை அப்போது பார்த்தவர்கள் அவருடைய வட்டலில்தான் வைத்துவிட்டோம் என்று எண்ணியிருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஜமுக்காளம். பவானியிலிருந்து அத்தையின் சீரோடு வந்த அந்த ஜமுக்காளம், எங்கள் வீட்டில் மாமாவுக்கு அடுத்தபடியாக மரியாதை பெறும் பொருள். சில நாள்களில் அந்த வரிசை மாறுவதும் உண்டு. செவலை வீட்டுக்கு வந்ததோ எலிகளுக்காக. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் அறுப்பு முடிந்ததும் வயலை விட்டு வீடுகளுக்குக் குடியேறும் எலிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வெலிகளிடம் செவலை கடைப்பிடித்துவரும் சமாதானக் கொள்கையை நான் இங்கே விரிக்கப் போவதும் இல்லை. தன் வீரம் முழுவதையும் அவன் ஜமுக்காளத்தின் மீதே காட்டினான் என்பது மட்டும் போதும்.

பூனை பிறாண்டுவது குறும்புக்காக அன்று. நகத்தின் பழைய மேலுறையைக் கழற்றுவதற்கும், உறங்கி எழுந்த உடம்பை நீட்டி முறிப்பதற்கும், பாதத்தில் இருக்கும் சுரப்பிகளின் மணத்தைப் பதித்து ‘இது என்னுடையது’ என்று பட்டா எழுதிக்கொள்வதற்கும் அது பிறாண்டியே ஆக வேண்டும். ஒருநாள் ஜமுக்காளத்தில் கிடந்த நக உறையை என் கணவர் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, செவலையின் நகமே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று கால்நடை மருத்துவரிடம் புறப்பட்டுவிட்டார். கையிலிருந்தது வெறும் கூடு என்பதையும், நகம் இருக்க வேண்டிய இடத்தில் புத்தம் புதிதாக இருப்பதையும் அவர் நம்புவதற்குச் செவலை அவருடைய முழங்கையில் ஒரு கோடு இழுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

அதன்பின் அவர் தண்ணீர் பீய்ச்சும் புட்டியுடன், முன்கூடமான ஆசாரத்தில் காவலுக்கு உட்கார்ந்தார். பூனையிடம் தண்டனை எடுபடாததற்குக் காரணம் எளியது: அது தண்டனையைத் தன் செயலோடு சேர்த்துப் பார்க்காது, தண்டிக்கும் ஆளோடுதான் சேர்த்துப் பார்க்கும். எனவே ஜமுக்காளம் ஆபத்தானது என்று செவலை கற்றுக்கொள்ளவில்லை. என் கணவர் ஆபத்தானவர் என்று கற்றுக்கொண்டு, அவருடைய வண்டி தெருமுனையைத் தாண்டும் ஓசை கேட்ட பிறகே வேலையைத் தொடங்கினான். அத்தை தம் பங்குக்கு நாரத்தைத் தோலை ஓரமெல்லாம் பரப்பிவைத்தார். புளிப்புப் பழங்களின் மணம் பூனைக்கு ஆகாது என்பது மெய்தான். செவலை மூக்கைச் சுளித்துக்கொண்டு, தோல் வைக்காத நடுப்பகுதிக்கு இடம் மாறினான்.

மாமாவின் கதை வேறு. விடியற்காலையில் பால் கறக்க அவர் எழும்போது செவலையும் எழுந்து கத்துவான். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கத்தும்போது கொடுத்தால் கத்தலே பழகிவிடும் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டோம். மாமா ‘சரி’ என்பார். ஒரு நாள் கொடுக்கமாட்டார், மறுநாள் மனம் இளகிக் கால் டம்ளர் ஊற்றிவிடுவார். ஒவ்வொரு முறையும் கொடுப்பதைக் காட்டிலும் இப்படி எப்போதாவது கொடுப்பதுதான் பழக்கத்தைக் கெட்டிப்படுத்தும். 1898ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தார்ன்டைக் என்பவர் பசித்த பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, வெளியே தீனியை வைத்துச் சோதித்தார். பூனைகள் யோசித்துக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே தாறுமாறாகத் துழாவியதில் எது கதவைத் திறந்ததோ அதையே திரும்பத் திரும்பச் செய்து, போகப்போக விரைவாக வெளியே வந்தன. எங்கள் வீட்டுச் சோதனையில் பெட்டி மாமாதான். எந்த ராகத்தில் கத்தினால் அவர் திறந்துகொள்கிறார் என்பதைச் செவலை எப்போதோ கண்டுபிடித்துவிட்டான்.

ஆகவே பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. பிறாண்டாதே என்று சொல்வதில் பயனில்லை, பிறாண்டுவதற்கு வேறு இடம் கொடுப்பதே வழி என்று துணிந்து, ஒரு புளியங்கட்டையை அசையாமல் நட்டு, பொள்ளாச்சித் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினேன். பூனை எழுந்து நின்று முழு உடம்பையும் நீட்டும் உயரம் வேண்டும். அது உறங்கி எழும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கவும் வேண்டும். அதாவது ஆசாரத்தின் நட்டநடுவில். “ஊடு முச்சூடும் எடமிருக்கறப்ப இங்கயா அம்மிணி?” என்று அத்தை கேட்டதற்கு, பழகிய பிறகு நாளுக்குச் சிறிதாக நகர்த்தி ஓரமாக்கிவிடலாம் என்று சமாதானம் சொன்னேன். பொடக்காலியில் முளைத்திருந்த குப்பைமேனியைப் பிடுங்கி அதன் வேரைக் கயிற்றில் தேய்த்தேன். அந்த வேரின் மணத்துக்குச் செவலை கட்டையைக் கட்டிக்கொண்டு உருண்டதை மட்டும் அத்தை ரசித்தார்.

மிச்சத்தைப் பேனா பார்த்துக்கொண்டது. செவலை கட்டையில் பிறாண்டும் அதே நொடியில் டிக்-டிக் பேனாவை ஒரு முறை அழுத்த வேண்டும். உடனே, உப்புப் போக அலசிய நெத்திலிக் கருவாட்டில் நகக்கண் அளவு ஒரு துணுக்கைக் கொடுக்க வேண்டும். ‘நீ இப்போது செய்தது சரி, கூலி வருகிறது’ என்பதே அந்த ஓசைக்குப் பொருள். ஓசை கேட்டுக் கூலி வராமல் போனால் பேனாவின் நாணயம் கெட்டுவிடும் என்பதால், டிக் என்றால் கொடுத்தே தீர வேண்டும் என்ற விதியைப் பாப்பாவிடம் ஒப்படைத்திருந்தேன். அவள் விதி என்றால் விதி என்று நிற்பவள். அப்பனைக் கொண்டு பிறக்கவில்லை. செவலையும் ஜமுக்காளத்தை மறந்துவிட்டான். புரட்டாசி பிறந்து, கருவாட்டு டப்பாவை அத்தை மோட்டார் ரூமுக்கு நாடுகடத்திய பின்னும் பயிற்சி தடைபடவில்லை.

இந்த நிலையில்தான் காங்கயத்துச் சித்தப்பா வந்தார். ஐப்பசியில் அவருடைய மகள் கல்யாணம். ஒரம்பரைகளின் பெயர், முன்னெழுத்து, ஊர் ஆகியவற்றைப் பிழையில்லாமல் சொல்லத் தம் அக்காவான எங்கள் அத்தையை விட்டால் ஆளில்லை என்று பத்திரிகைப் பட்டியல் எழுத நேராக இங்கே வந்துவிட்டார். ஜமுக்காளம் விரிக்கப்பட்டது. அதன் மறுகோடியில் செவலை உறங்கிக்கொண்டிருந்தான். சித்தப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

யோசிக்கும்போதெல்லாம் பேனாவை அழுத்தும் பழக்கம் அவருக்கு. குன்னத்தூர்ப் பெரியம்மா மருமகனின் முன்னெழுத்து ‘கே’யா ‘பி’யா என்பதில் ஐயம் வந்தபோது முதல் ஓசை எழுந்தது. செவலை கண் விழித்தான். உறங்கி எழுந்த பூனை செய்வதைச் செய்தான்: முன்கால்களை நீட்டி ஜமுக்காளத்தில் நகத்தைப் பதித்து ஓர் இழுப்பு இழுத்தான். ‘பி’தான் என்று அத்தை தீர்ப்புச் சொல்ல, சித்தப்பா மகிழ்ச்சியோடு மீண்டும் அழுத்தினார். எந்தக் கணத்தில் ஓசை எழுகிறதோ, அந்தக் கணத்தில் செய்துகொண்டிருப்பதற்குத்தான் கூலி. கூலி கொடுத்தால் ஜமுக்காளத்தைப் பிறாண்டியதற்குப் பரிசளித்ததாகும்; கொடுக்காவிட்டால் இத்தனை நாள் சேர்த்த நாணயம் போகும். நான் இந்தத் தர்மசங்கடத்தில் நின்றுகொண்டிருக்கையில், பாப்பாவுக்கு அப்படியொரு சங்கடமே தோன்றாமல், மோட்டார் ரூமை நோக்கி ஓடிவிட்டாள்.

அவள் திரும்புவதற்குள் சித்தப்பா நம்பியூர், புளியம்பட்டி ஆகிய ஊர்களை முடித்திருந்தார். ஒவ்வோர் ஐயத்துக்கும் ஓர் ஓசை. வர வேண்டிய கூலி வராவிட்டால் பூனை உடனே அடங்கிவிடாது. முதலில் இரட்டிப்பாகக் கேட்டுப் பார்க்கும். செவலை அவர் மடியில் ஏறிப் பட்டியலின் மேல் அமர்ந்து, பேனாவை ஒரு தட்டுத் தட்டி, அவர் முகத்துக்கு நேராகக் கத்தினான். பாப்பா டப்பாவைத் திறந்தாள். நெத்திலியின் மணம் துளசித் தீர்த்தத்தின் மணத்தை ஒரே மூச்சில் வென்றது.

“அம்மிணி, இன்னிக்குப் பொரட்டாசிச் சனி” என்றார் சித்தப்பா, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

“அப்புச்சி, நீங்க ஒம்போது தடவ அடிச்சிருக்கீங்க” என்றாள் பாப்பா, துணுக்குகளை எண்ணியபடி.

நான் அத்தையின் பக்கம் திரும்பினேன். புரட்டாசியில் முட்டை ஓட்டைக் கண்டாலே தலைக்குக் குளிப்பவர் அவர். இன்றோடு கட்டையும் செவலையும் மோட்டார் ரூமுக்குப் போவது உறுதி என்று நினைத்தேன். அத்தையோ பட்டியலிலிருந்து கண்ணெடுக்காமல், “வாயில்லாச் சீவனுக்குச் சொன்ன கூலியக் குடுத்துப்போடோணும் தம்பி. நீ மொதல்ல பேனாவ மடக்கு” என்றார்.

சித்தப்பா மடக்கினார், மடக்கும்போது அதுவும் டிக் என்றது. பாப்பா பத்தாவது துணுக்கை எடுத்தாள்.

புறப்படும் நேரத்தில் வாசலில் நின்று, எழுத எதுவும் இல்லாதபோதும் அவர் இரண்டு முறை அழுத்தினார். செவலை ஓடிவந்தான். “சும்மா பாத்தனுங்க அக்கா” என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறிய அவருக்கு, அந்த இரண்டு துணுக்குகளின் கடன் எங்கள் தலையில் விழுந்தது தெரியாது.

இன்று காலையிலிருந்து செவலை ஜமுக்காளத்தை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, தலையைத் திருப்பிக் கணக்குப்பிள்ளையைத் தேடுகிறான். பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை வீட்டில் டிக்-டிக் பேனா கூடாது என்று அத்தை எல்லாவற்றையும் திரட்டிப் பீரோவில் பூட்டிவிட்டார். அதனால் எதிர்வீட்டுப் பால் கணக்கை மாமா பென்சிலால் எழுதும்படி ஆயிற்று. எதிர்வீட்டு அக்கா நோட்டைப் பார்த்துவிட்டு, “ஏனுங் மாமா, அழிச்சு எழுதறதுக்குத் தோதா இருக்குமுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதிலிருந்து மாமா யாருடனும் பேசவில்லை, செவலையைத் தவிர.