புது கிரெடிட் கார்டு: வாங்கலாமா, வேண்டாமா என்று கணக்குப் போட்டபோது

கையில் ஏற்கெனவே ஒரு கார்டு இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் கிடையாது, எல்லாச் செலவுக்கும் ஒரு சதவீதம் கேஷ்பேக். இந்த நிலையில் இன்னொரு வங்கியிலிருந்து 'ப்ரீ-அப்ரூவ்டு', அதாவது முன்கூட்டியே ஒப்புதல் ஆகிவிட்டது என்று சொல்லி, ஒரு பிரீமியம் கார்டு தருவதாக ஒரு பெண் அழைத்தார். விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு, கட்டண அட்டவணையையும் விதிமுறைகளையும் அனுப்பச் சொன்னேன். கொட்டை எழுத்தில் சொன்னதையெல்லாம் அங்கே பொடி எழுத்தில் பாதி திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நூறு செலவழித்தால் நான்கு புள்ளி என்று போட்டிருந்தது. நான்கு சதவீதம் போலத் தோன்றுகிறதல்லவா? பில்லில் கழித்துக்கொண்டால் ஒரு புள்ளியின் மதிப்பு கால் ரூபாய்தான். ஆக, நூற்றுக்கு ஒன்று. அவர்கள் பட்டியலிலிருந்து பையோ கடிகாரமோ வாங்கினால் அதைவிடக் குறைவு. விமான டிக்கெட்டாக மாற்றினால் மதிப்பு கூடுகிறது. ஆனால் நான் பறப்பதே அபூர்வம்.

அப்புறம் பழைய கார்டின் ஒரு வருஷ ஸ்டேட்மென்ட்களை எடுத்து, செலவை வகை பிரித்தேன். விஷயமே இங்கேதான் இருந்தது. வாடகை, காப்பீட்டு பிரீமியம், எரிபொருள், வாலெட்டில் பணம் ஏற்றுவது எதற்கும் புதுக் கார்டில் புள்ளி இல்லை. 'இவ்வளவு செலவழித்தால் ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி' என்ற இலக்கிலும் இவை சேராது. என் பெரிய செலவுகளே இவைதான்! ஒரு கடை எந்த வகையில் வரும் என்பதும் நம் கையில் இல்லை. அந்தக் கடைக்குக் கொடுத்திருக்கும் நான்கு இலக்கக் குறியீடுதான் தீர்மானிக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிய சோப்பு மருந்துக் கணக்கில் போகும், சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய மாத்திரை மளிகைக் கணக்கில் போகும்.

மிச்சமிருந்த செலவுக்குப் புதுக் கார்டு தருவது ஒரு சதவீதம். பழையதும் அதையேதான் தருகிறது. விளம்பரம் எப்போதும் கார்டே இல்லாதவரோடு ஒப்பிட்டுக் கணக்குச் சொல்லும். நான் ஒப்பிட வேண்டியது என் பர்ஸில் இருக்கும் கார்டோடு. உணவகங்களில் மட்டும் இரட்டிப்புப் புள்ளி, அதாவது கூடுதலாக ஒரு சதவீதம். கட்டணம் 100 என்று வைத்துக்கொண்டால், 10,000க்குச் சாப்பிட்டால்தான் கட்டணமே திரும்பி வரும். அதற்கும் மாத உச்சவரம்பு உண்டு.

வட்டி எனக்குப் பெரிய கவலையில்லை, முழுத் தொகையையும் கட்டிவிடுவது வழக்கம். இருந்தாலும் பார்த்தேன். மாதம் 3 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருஷத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. மினிமம் டியூ, அதாவது பில்லில் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லா நாட்கள் போய்விடும். ஏடிஎம்மில் பணம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். பாக்கி வைக்கும் பழக்கம் உள்ளவர் புள்ளிக் கணக்கெல்லாம் போட வேண்டாம், வட்டி விகிதத்தை மட்டும் பார்த்தால் போதும்.

நியாயமாகச் சொன்னால் சாதகங்களும் இருந்தன. வெளிநாட்டு நாணயத்தில் கட்டும்போது பழைய கார்டு 3.5 சதவீதம் பிடிக்கிறது, இது 2 சதவீதம்தான். எனக்கு அப்படிப் போவது சில மென்பொருள் சந்தாக்கள் மட்டுமே. மிச்சமாகும் தொகை ஆண்டுக் கட்டணத்தில் கால்வாசிகூட வராது. அடிக்கடி வெளிநாடு போகிறவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன். இன்னொன்று, மொத்த லிமிட் கூடினால் அதில் நாம் பயன்படுத்தும் விகிதம் குறையும், நம் கடன் நம்பகத்தன்மைக்கான மதிப்பெண்ணான கிரெடிட் ஸ்கோருக்கு நல்லது. ஆனால் புது விண்ணப்பம் போட்டதுமே ஸ்கோர் கொஞ்சம் இறங்கக்கூடும். வீட்டுக் கடன் கேட்கும் யோசனையில் இருக்கும் எனக்கு இப்போது அது தேவையா?

வேண்டாம் என்று முடிவு செய்தேன். சொன்னதும், "சரி சார், எலிஜிபிலிட்டி மட்டும் செக் பண்ணிடலாம், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்றார் வங்கியிலிருந்து அழைத்த அந்தப் பெண். வந்த குறுஞ்செய்தியைப் படித்தேன்: ஓடிபியைச் சொன்னால், என் கடன் அறிக்கையைப் பார்ப்பதற்கும் விண்ணப்பத்தைத் தொடர்வதற்கும் சம்மதம் என்றிருந்தது. சொல்லவில்லை. என் பெயரில் விண்ணப்பம் எதுவும் பதிவாகவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.